ஒற்றைக் கோபுர நகரம்

ஸ்ட்ராஸ்பூர்,
12 செப்டம்பர் 2023

அன்புள்ள அஹ்சன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே குளிர் இன்னும் தொடங்கவில்லை, நடமாட முடிகிறது. நீங்களும் ஷம்சாத் மச்சியும் சுகம்தானே? ஆலியாவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசி மூன்று மாதம் உங்களிடமிருந்து ஒரு சொல் இல்லை. பிறகு ஒரே ஒரு செய்தி வந்தது: "டிராவல்ஸில் ஸ்ட்ராஸ்பூர் டூர் போடுகிறோம். ஊரைப் பற்றித் தமிழில் குறிப்பு எழுதி அனுப்பு." அதையும் அவர்தான் என் போனில் பார்த்துவிட்டுப் படித்துக் காட்டினார். உங்களுக்குத் தங்கச்சி ஞாபகம் வரவில்லை, தங்கச்சி இருக்கும் ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கொஞ்சம் ஆறியது.

இந்த ஊருக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது பேராலயத்தின் கோபுரம். ஒரே ஒரு கோபுரம். முகப்பைப் பார்த்தால் இரண்டு இருந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். வடக்குப் பக்கத்துக் கோபுரத்தை 1439-இல் முடித்தார்கள். தெற்குப் பக்கம் வெறும் மேடையோடு நின்றுவிட்டது. உயரம் நூற்று நாற்பத்திரண்டு மீட்டர். இருநூறு வருடத்துக்கு மேல் உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதானாம். தினமும் புர்ஜ் கலீஃபாவைப் பார்க்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். கல் பக்கத்து மலையிலிருந்து வெட்டி வந்த செம்மணற்கல். வெயிலில் ரோஜா நிறம், மழையில் பச்சை இறைச்சி நிறம்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது, எல்லாரும் சமம் என்ற பிறகு இந்தக் கோபுரம் மட்டும் ஏன் உயர்ந்து நிற்க வேண்டும் என்று இடிக்கக் கிளம்பினார்களாம். ஊர்க்காரர் ஒருவர் புரட்சிக்காரர்களின் சிவப்புத் தொப்பியைத் தகரத்தில் பெரிதாகச் செய்து அதன் உச்சியில் மாட்டச் சொன்னார். தொப்பி போட்டதும் கோபுரமும் புரட்சிக்காரனாகிவிட்டது. தப்பியது.

முன்னூற்றுச் சொச்சம் படி ஏறினால் மேடையிலிருந்து ஊர் முழுக்கத் தெரியுமாம். நான் ஏறவில்லை. அவர் வேண்டாம் என்றார்.

இனி போனில் எதுவும் அனுப்பாதீர்கள். நானும் கையால் எழுதி உங்கள் ஆபீஸ் தபால் பெட்டிக்கே அனுப்புகிறேன். பதிலை வீட்டு முகவரிக்குப் போடாமல், உறையின் பின்னால் இருக்கும் முகவரிக்குப் போடுங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மாமி மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். நம்ம காரைக்கால்காரர்கள்தான். செவ்வாயும் வியாழனும் பிரெஞ்சு வகுப்புக்குப் போகும்போது வாங்கிக்கொள்வேன். ஏன் என்று கேட்காதீர்கள், அல்லது கேளுங்கள்.

மச்சிக்கு என் சலாம். துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ருமைஸா


அல் குசைஸ், துபாய்
2 அக்டோபர் 2023

அன்புத் தங்கச்சி ருமைஸாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் மூவரும் நலம். ஆலியாவுக்கு இரண்டு பல் முளைத்து மூன்றாவது ஆடுகிறது. இங்கே ஏசியை நிறுத்த முடியாத சூடு இன்னும் போகவில்லை.

வந்ததும் வராததுமாகச் சண்டை பிடிக்கிறாய். காலை எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போனால் வீசா ஃபைல், ஏர்போர்ட், பாஸ்போர்ட் என்று ராத்திரிதான் திரும்புகிறேன். அதில் தபால் பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள்? போன் செய்தாலும் மச்சான்தான் எடுக்கிறார். "ருமைஸா குளிக்கிறா" என்கிறார். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் குளிக்கிறாய். அந்த ஊரில் தண்ணீர் தீர்ந்துவிடாதா?

தொப்பி விஷயம் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ஒன் தங்கச்சி எழுத்துல ஒரு சுவை இருக்குப்பா" என்று மீரா சாகிப் முதலாளியே சொன்னார் என்றால் பார்த்துக்கொள். சின்னப் புத்தகமாகவே போட்டு, பெருநாள் லீவுக்குப் போகும் குழுவுக்குக் கொடுக்கப் போகிறோம். அங்கே ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறதாமே, அதைப் பற்றி எழுது. படம் எடுக்க நல்ல இடங்களையும் எழுது. சோகமான சரித்திரம் அதிகம் வேண்டாம், குடும்பத்தோடு வருகிறவர்கள் படிப்பது.

முதலாளி அலாவுதீன் மச்சானுக்குச் சொந்தச் சாச்சா, அவர் வாப்பாவின் தம்பி என்பதை மறந்துவிடாதே. நான் துபாயில் இத்தனை வருடம் இருந்தும் இந்த வேலை உன் கல்யாணப் பேச்சோடுதான் வந்தது. நீ அங்கே சந்தோஷமாக இருந்தால்தான் எனக்கு இங்கே மரியாதை.

மச்சானுக்குச் சலாம் சொல்.

அன்பு நானா,
அஹ்சன்


ஸ்ட்ராஸ்பூர்,
24 அக்டோபர் 2023

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

கடிகாரம் பேராலயத்துக்குள்ளே, தெற்குப் பகுதியில் பத்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நாள், நட்சத்திரம், கிரகம், கிரகணம் எல்லாவற்றையும் காட்டும். மதியம் பன்னிரண்டரைக்கு ஈஸாவின் சீடர்கள் பன்னிரண்டு பேரும் பொம்மைகளாக வரிசையில் போகிறார்கள், மேலே ஒரு சேவல் சிறகடித்து மூன்று முறை கூவுகிறது. பழைய கடிகாரத்தைச் செய்தவரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். வேறு ஊருக்கு இதுபோல் இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் அவர் கண்களைப் பிடுங்கிவிட்டார்களாம். கட்டுக்கதைதான் என்று எங்கள் ஆசிரியை சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

தெற்கு வாசலில் இரண்டு பெண் சிலைகள். ஒருத்தி கிரீடத்தோடு நிமிர்ந்து நிற்கிறாள், அவள் திருச்சபை. இன்னொருத்தி கண்ணைக் கட்டிய யூத மதம். அவள் கையில் ஈட்டி பல இடத்தில் ஒடிந்திருக்கிறது. தோற்றவளை அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

1349-இல் இந்த ஊர் யூதர்களை உயிரோடு எரித்தது. அதற்குப் பிறகு நானூறு வருடத்துக்கு மேல் ஒரு யூதரும் இங்கே குடியிருக்கக் கூடாது. பகலில் வரி கட்டிவிட்டு உள்ளே வரலாம், வியாபாரம் செய்யலாம். இரவு பத்து மணிக்குப் பேராலய மணி அடித்தால் வெளியே போய்விட வேண்டும். சட்டம் போய்விட்டது. மணி மட்டும் இன்னும் தினம் பத்து மணிக்கு அடிக்கிறது. சோகமான சரித்திரம் வேண்டாம் என்றீர்கள். இந்த ஊரில் அதைக் கழித்தால் கல்தான் மிஞ்சும்.

இனி என் சுகம். இதை ஒரு முறைதான் எழுதுவேன், நானா.

போன வாரம் வகுப்பு முடிந்து உங்களுக்காகக் கடிகாரம் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"வகுப்பு பன்னெண்டுக்கு முடியுது. இப்ப மணி ஒண்ணே முக்கால். எங்கே போனே?"

"கடிகாரம் பாக்க. நானா எழுதச் சொன்னாங்க."

"நானாவுக்காகவா, எவனுக்காகவா?"

என் இடது கையை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. டாக்டரிடம் நான் படியில் விழுந்துவிட்டதாக அவரே பிரெஞ்சில் சொன்னார். அந்த வாக்கியம் எனக்குப் புரிந்தது. மறுத்துச் சொல்லத்தான் சொல் வரவில்லை.

இது முதல் தடவை இல்லை. என் பாஸ்போர்ட்டும் இருப்பிட அட்டையும் அவரிடம்தான் இருக்கின்றன. இதனால்தான் காகிதம், இதனால்தான் மாமி கடை முகவரி. நீங்கள் கூப்பிட்ட மூன்று தடவையும் நான் குளிக்கவில்லை.

எனக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

ருமைஸா


அல் குசைஸ்
20 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும், குளிர்கால சீசன் ஆரம்பித்துவிட்டது.

கடிகாரம் பிரமாதம். சேவல் கூவும் நேரத்தைச் சரியாகக் குறிப்பிட்டது ரொம்ப உதவி. யூதர் விஷயத்தை எடுத்துவிட்டோம், இங்கே அது சரிவராது. புத்தகத்துக்கு "ஒற்றைக் கோபுர நகரம்" என்று பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே ஏதோ தேவதைத் தூண் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு பத்தி வேண்டும். ஜனவரியில் அச்சுக்குப் போகிறது.

மற்ற விஷயம். படித்தேன். கையில் கட்டுப் பிரித்துவிட்டார்களா? கொஞ்சம் பொறுமையாக இரு. புது ஊர், அவருக்கும் வேலையில் நெருக்கடி இருக்கும். சமயம் பார்த்து முதலாளியிடம் பக்குவமாகப் பேசுகிறேன். என் விசா யார் கையில் இருக்கிறது, என் விசாவின்மேல் யார் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். ஆலியா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே.

இன்னொன்று. தபால் பெட்டிச் சாவி ஆபீஸில்தான் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்படிப்பட்டதை எழுதும்போது யோசித்து எழுது.

தூண் பற்றிச் சீக்கிரம் அனுப்பு.

அன்பு நானா,
அஹ்சன்


அல் குசைஸ்
28 ஜனவரி 2024

அன்பு ருமைஸாவுக்கு மச்சி ஷம்சாத் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும் கண்ணு. எப்படி இருக்கிறாய்? அலாவுதீன் தம்பிக்கு டிசம்பர் கடைசியில் நான் போன் செய்தபோது உனக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறாய் என்றார். என்ன உடம்பு என்று கேட்டால் சொல்லவில்லை. உன் முகவரியை நானா மேஜையில் கிடந்த பழைய உறையிலிருந்து எடுத்தேன்.

இத்துடன் புத்தகம் வைத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு ஹாலில் நூறு பேரைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு வெளியிட்டார்கள். உன் நானா மேடையில் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால் அட்டையில் அவர் பேர், முன்னுரையில் முதலாளி பேர். உன் பேர் எங்கேயும் இல்லை.

"ருமைஸா எழுதுனதுதானே இது? அவ பேரு எங்கே?" என்று கேட்டேன்.

"அடுத்த பதிப்புல போடலாம். இப்ப அதைப் பேசாதே" என்றார்.

ஏன் பேசக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. நீ எழுதிய கடிதங்களைப் படிக்கக் கேட்டாலும் ஆபீஸில் இருக்கிறது என்கிறார். உனக்கும் அவருக்கும் நடுவே ஏதோ நடந்திருக்கிறது. எனக்காவது எழுது.

ஆலியா உனக்கு ஒரு கோபுரம் வரைந்திருக்கிறாள், உள்ளே இருக்கிறது.

மச்சி,
ஷம்சாத்


ஸ்ட்ராஸ்பூர்,
5 மார்ச் 2024

அஹ்சன் நானாவுக்கு,

ஸலாம். உயிரோடு இருக்கிறேன். பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கிறேன். இடம் எது என்று எழுத மாட்டேன். உறையின் பின்னால் இருப்பது வக்கீல் முகவரி.

டிசம்பர் 9-ஆம் தேதி உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. கிடைக்கவே இல்லையோ என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அதில் எழுதியதைத் திரும்ப எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 21, வியாழக்கிழமை, வகுப்பிலிருந்து திரும்பாமல் விடுதிக்குப் போய்விடுவது என்று ஆசிரியையும் நானும் முடிவு செய்திருந்தோம். என் துணிப் பையையும், பாஸ்போர்ட்டின் நகலையும், டாக்டர் கொடுத்த எக்ஸ்ரேயையும் ஜன்னத் மாமி கடையில் வைத்திருந்தேன். முந்தின நாளே அவர் மாமி கடைக்குள் புகுந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எக்ஸ்ரேயை என் கண் முன்னால் கத்தரியால் வெட்டினார். ஒன்பது நாள் அறைக்குள் பூட்டி வைத்தார். இருப்பிட அட்டைக்கு வகுப்பு கட்டாயம் என்பதால்தான் பிறகு வெளியே விட்டார். மச்சி போன் செய்தபோதுகூட என் காதில் விழும் தூரத்தில் நின்றுதான் உடம்பு சரியில்லை என்றார்.

பை அங்கே இருப்பது மாமியைத் தவிர யாருக்குத் தெரியும்? ஜனவரியில் கடை வாசலில் நின்று, "நீங்கதானே சொன்னீங்க, ஊர்க்காரப் பொண்ண வித்துட்டீங்களே" என்று பத்துப் பேர் கேட்கக் கத்திவிட்டு வந்தேன். மாமி கடை ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மச்சி அனுப்பிய பார்சலை வகுப்புவரை நடந்து வந்து ஆசிரியை கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஆசிரியை என்னை வகுப்பிலிருந்தே காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். இப்போது இங்கே.

இனி உங்கள் புத்தகம். பக்கம் 19-ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இரவு பத்து மணிக்கு ஒலிக்கும் இனிய மணியோசையைக் குடும்பத்துடன் கேட்டு மகிழலாம்." கேட்டு மகிழலாமா? நானூறு வருடம் மனிதர்களை விரட்டிய மணி நானா அது! பக்கம் 22: "நுழைவாயிலில் இரண்டு எழில்மிகு மங்கையர் சிலைகள்." கண்கட்டு எங்கே? ஒடிந்த ஈட்டி எங்கே? என் கடிதத்தில் என் கை முறிந்த அதே பக்கத்தில்தான் இருந்தது அந்தச் சிலை. கத்தரி போட்ட உங்கள் கை அந்தப் பக்கத்தைத் தாண்டும்போது தயங்கவில்லையா? ஊரை வைத்துக்கொண்டு என்னை வெட்டி எறிந்துவிட்டு, மேடையில் ஏறி பிரியாணி போட்டிருக்கிறீர்கள்.

பெயர் வேண்டாம். எனக்குக் கடிதங்கள் வேண்டும். மே 21 அன்று குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை. எக்ஸ்ரே போய்விட்டது, என்னிடம் வேறு சாட்சி குறைவு. தேதியும் தபால் முத்திரையும் உள்ள என் கடிதங்களை, டிசம்பரில் எழுதியது வந்திருந்தால் அதையும் சேர்த்து, உறையோடு அனுப்புங்கள். இங்கே மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்.

ருமைஸா


அல் குசைஸ்
30 மார்ச் 2024

ருமைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், கோபப்படக் கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை.

யாரைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாய்? உம்மா காரைக்காலில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறார்கள். முதலாளி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். விரட்டுகிற மணி பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாயே, எனக்கு யார் அடிக்கிறார்கள் தெரியுமா? பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் நான், ஷம்சாத், ஆலியா மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆலியா பிறந்ததே இங்கேதான், அவளுக்குக் காரைக்காலில் ஒரு தெரு பெயர்கூடத் தெரியாது. உனக்காவது நின்று கேட்க ஒரு கோர்ட் இருக்கிறது. நான் யாரிடம் போய் நிற்பேன்?

கடிதங்கள் இல்லை. பிப்ரவரியில் ஆபீஸை மேல் மாடிக்கு மாற்றினோம், அப்போது பழைய காகிதமெல்லாம் போய்விட்டது. டிசம்பர் கடிதம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அதில் என்ன எழுதினாய் என்று இப்போது உன் கடிதத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு மேல் என்னை இழுக்காதே.

அஹ்சன்


ஸ்ட்ராஸ்பூர்,
13 ஏப்ரல் 2024

அஹ்சனுக்கு,

நேற்று மதியம் கடிகாரத்துக்கு முன்னால் நின்றிருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு நேரம் இருக்கிறது, யாரும் மணி கேட்பதில்லை. பின்னால் தமிழ்ச் சத்தம் கேட்டது. உங்கள் பெருநாள் குழு. இருபது பேர் இருப்பார்கள், எல்லார் கையிலும், நான் இருபத்திரண்டாம் பக்கத்தோடு மூடிவைத்த அந்தப் புத்தகம். அதில் ஒரு அம்மாள், யார் என்று எனக்குத் தெரியாது, தன் வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்:

"தேவதைத் தூணுக்கு எதிரே மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி ஒரு கல் மனிதன் இருக்கிறான். இந்த ஒற்றைத் தூண் இவ்வளவு பெரிய கூரையைத் தாங்காது என்று சொன்னவனாம். அது விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று எண்ணூறு வருடமாகக் காத்திருக்கிறான்."

"அட, அந்தா இருக்கான் பாருங்க!" என்று அந்த அம்மாள் கையைக் காட்டினார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் அந்த அம்மாளிடம் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை நானே படித்தேன்.

தூணைப் பற்றி நீங்கள் கேட்டது நவம்பரில். நான் எழுதியது டிசம்பர் 9 கடிதத்தில். அந்தக் கடிதத்தில் மட்டும்தான். "பார்த்துவிட்டுத்தான் போவேன்" என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத என் சொந்த வாக்கியம்.

கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ரமலானில், நோன்போடு, பொய் எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் மாமி கடையில் பை இருந்தது உங்களுக்கும் தெரியும். அலாவுதீனுக்கு யார் சொன்னது?

ருமைஸா


அல் குசைஸ்
28 ஏப்ரல் 2024

ருமைஸா,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதத்தை இந்த முறை ஷம்சாத்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். உடைத்துப் படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். பதினாறாம் தேதி இங்கே பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பாய். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கார் மூழ்கிவிட்டது. ஆபீஸ் மாற்றியபோது போய்விட்டன என்று முன்பு எழுதியதை மாற்றி, கடிதங்கள் காரில் இருந்தன, தண்ணீரோடு போய்விட்டன என்று எழுதிவிடலாமா என்று உன் கடிதம் வந்த அன்றைக்கு யோசித்தேன். அவளிடம் வாய்விட்டே சொன்னேன். அவள், "எழுதுங்க. ஆனா நாளைக்கு ஆலியாவைக் கட்டிக்கொடுத்த எடத்துல கை முறிச்சா, அவ யாருக்கு எழுதணும்னு மட்டும் சொல்லிட்டு எழுதுங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உன் வக்கீல் கோர்ட்டில் கொடுப்பதற்காகச் சாட்சியத்தைத் தனித்தாளில், என் கையெழுத்தில், பாஸ்போர்ட் நகலோடு வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை உனக்கும் இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 18 அன்று உன் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே படித்தேன். பயந்துபோய் அதை எடுத்துக்கொண்டு முதலாளி கேபினுக்குப் போனேன். அவர் பெரிய மனிதர், பேசித் தீர்த்துவைப்பார் என்று நினைத்தேன் என எழுதலாம். உண்மை அது இல்லை. நீ போய்விட்டால், எனக்கு முன்பே தெரிந்தும் சொல்லவில்லை என்று அவர் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"பை இந்த மளிகைக் கடைலதான் இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா முதலாளி."

"நல்ல வேளை சொன்னே. பொண்ணு வூட்டை வுட்டுப் போயிட்டா ரெண்டு குடும்பத்துக்கும் தலைக்குனிவு. நம்ம பயகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் வேலையப் பாரு."

கடிதத்தைத் திருப்பித் தந்தார். நான் வேலையைப் பார்த்தேன். தூணைப் பற்றிய பத்தியை நோட்டில் எழுதிக்கொண்டு, கடிதத்தை முழுதாகக் கிழித்துப் போட்டேன். அலாவுதீன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். உன் கையைப் பற்றி நவம்பரிலேயே படித்திருந்தேன்.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மாமிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

செப்டம்பர், அக்டோபர் கடிதங்கள் உறையோடு இருக்கின்றன, அனுப்புகிறேன். அவை தொலையவில்லை, என் டிராயரில் பூட்டியிருந்தன. கூரியர் கிளம்பிய பிறகு முதலாளியிடம் நானே போய்ச் சொல்லப் போகிறேன். விசா கேன்சல் ஆகும். வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத்தான்.

என்னை மன்னிப்பாயா?

அஹ்சன்


ஸ்ட்ராஸ்பூர்,
18 ஜூன் 2024

அஹ்சன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். கை மழை நாளில் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. பேக்கரி ஒன்றில் காலை வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் எனக்கென்று ஓர் அறைக்குப் போகிறேன்.

மே 21 விசாரணைக்குக் கடிதங்களை மொழிபெயர்த்தவர் பாண்டிச்சேரிக்காரர். சத்தியம் செய்து மொழிபெயர்ப்பதால் ஒரு வரியும் விட முடியாதாம். கோபுரம், தொப்பி, சேவல், மணி எல்லாவற்றையும் பிரெஞ்சில் போட்டுவிட்டார். நீதிபதி அம்மாள் முழுக்கப் படித்திருந்தார். உங்கள் சாட்சியத்தை எடுத்து அலாவுதீனிடம், "இதை எழுதியவர் பொய் சொல்ல என்ன காரணம்?" என்று கேட்டார். அவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். என் பக்கம் நெருங்கக் கூடாது, பாஸ்போர்ட்டையும் அட்டையையும் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அட்டை இப்போது என் பையில் இருக்கிறது. விவாகரத்து தனியாக நடக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே மாமி கடைக்குப் போயிருந்தேன். மாமி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னா வேணும்?" என்றார்கள், யாரோ வாடிக்கைக்காரியைக் கேட்பதுபோல.

உங்கள் கடிதத்தை நீட்டினேன். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மாமி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்து முடித்தார்கள்.

"நீ கத்திட்டுப் போன பெறவு ரெண்டு நாள் கடை தொறக்கலடி. எங்க வூட்டுக்காரரு மௌத்தானப்பகூட ஒரு நாள்தான் மூடுனேன்."

நான் காலைப் பிடிக்கக் குனிந்தேன். மாமி காலை இழுத்துக்கொண்டார்கள்.

"அதெல்லாம் வேணாம். வெளிய அரிசி மூட்டை வந்து கிடக்கு, மழை வருது. நல்ல கையால ஒரு பக்கம் புடி."

பிடித்தேன். பதினாலு மூட்டை. அதற்குப் பிறகு டீ போட்டுத் தந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் உதவிக்குப் போகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார்கள்.

உங்களுக்கு வருகிறேன். மன்னிப்பாயா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் நான் வெளியே வந்தேன், அது எனக்குத் தெரியும். அதனால் வேலை போய், வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் ஊருக்குப் போகிறீர்கள் என்று மச்சி எழுதியிருக்கிறார்கள். இதில் ஆலியாவின் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் உங்களைப் பார்த்தால் பேசுவேனா என்று கேட்டால், மாட்டேன். அந்த ஒன்பது நாளும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, நானாவுக்கு மட்டும் கடிதம் கிடைத்திருந்தால் இந்நேரம் வந்து கதவை உடைத்திருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மா இன்னும் என்னைத்தான் குற்றம் சொல்கிறார்கள். குடும்பத்தை உடைத்தவள், நானாவின் வேலையைக் கெடுத்தவள். போனில் அழுகிறார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. ஊருக்குப் போனதும் உம்மாவின் எதிரே உட்கார்ந்து, கேபினுக்குள் நடந்ததை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். சாட்சியத்தில் எழுதியதுபோல ஒன்றையும் விடாமல். சொல்லி முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

அதுவரைக்கும் எழுத வேண்டாம்.

ஷம்சாத் மச்சிக்கும் ஆலியாவுக்கும் என் ஸலாம்.

ருமைஸா